நேற்று மாலை ஏழு மணியைக் காட்டுங்கள்: கண்காணிப்புக் கேமராவுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வழி

பெங்களூரு அல்சூர் ஏரியிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள், எட்டுக் கேமராக்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் காணாமல் போனது. கேமராதான் இருக்கிறதே என்று எல்லோரும் ஓரளவு நிம்மதியாகவே கீழே இறங்கி வந்தோம். காட்சியைத் தேடி எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பதிவுக் கருவியின் கடிகாரம் நாற்பத்தேழு நிமிடம் முந்திப் போயிருந்தது. எட்டில் இரண்டு கேமராக்களுக்குப் பதிவே இல்லை. திரையில் நேரலை மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாக, வண்டி வெளியேறும் பதினெட்டு விநாடிக் காட்சி அகப்பட்டது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால், அங்கிருந்த கணினியில் கோப்பு திறக்கவில்லை. கருவியைத் தயாரித்தவர்களின் சொந்தக் கோப்பு வடிவமாம், அதற்கென்று தனி பிளேயர் வேண்டுமாம். கடைசியில் மானிட்டரில் ஓடிய காட்சியை அலைபேசியில் படம் பிடித்துக் கொடுத்தோம். அதில் திருடனைவிட எங்கள் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில், "நல்ல மென்பொருளாகப் பார்த்து மாற்றிவிடலாமே" என்று வாய் தவறிச் சொன்னேன். சொன்னவன் தலையில்தான் வேலை விழும். விழுந்தது. பிறகு அண்ணன் நடத்தும் மெஸ்ஸுக்கும், ஸ்ரீராமபுரத்தில் மாமாவின் மளிகைக் கடைக்கும், நண்பரின் டியூஷன் சென்டருக்கும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். நான் கற்றது ஒன்றுதான்: கேமரா மென்பொருளைக் களவு போன மறுநாள் காலையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரலை எல்லா மென்பொருளிலும் அழகாகத்தான் இருக்கும். தேடி, வெட்டி, வெளியே எடுத்து, இன்னொருவர் கணினியில் ஓட்டிக் காட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

மென்பொருள் பெயர்களைத் தேட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கேமராவுக்கும் எதிரே அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியை எழுதுங்கள். நுழைவாயில்: வந்தவர் யார்? வண்டி நிறுத்துமிடம்: எந்த வண்டியை யார் எடுத்தார்? மொட்டை மாடி: யாராவது ஏறினார்களா? மொட்டை மாடிக்கு ஓர் உருவம் அசைவது தெரிந்தால் போதும். நுழைவாயிலுக்கு முகம் வேண்டும்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு தந்த கணக்கு இது: ஆள் இருப்பது தெரிய ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல், முன்பே பழகிய முகத்தை இன்னார் என்று சொல்ல 125, முன்பின் அறியாதவரை அடையாளம் காட்ட 250. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். 250-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர். நான்கு மெகாபிக்சல் என்றால் 2,560 பிக்சல், 10.2 மீட்டர். உங்கள் வாசல் கேமரா இருபது மீட்டர் அகலத்துக்குத் தெருவையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால், அதில் அந்நியர் முகம் தேறாது. எந்த மென்பொருளும் கேமரா பிடிக்காததைப் பிடித்துத் தராது. சினிமாவில் பொத்தானைத் தட்டியதும் மங்கலான முகம் தெளிவாகும் காட்சியை மறந்துவிடுங்கள். சில இடங்களில் கேமராவின் கோணத்தைத் திருப்பிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குக் காசும் ஆகாது.

கையில் இருப்பது எது?

ஏற்கெனவே கேமரா உள்ளவர்கள் பதிவுப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் வட்டமான பி.என்.சி. முனைகள் வரிசையாக இருந்தால் அது டி.வி.ஆர். கேமராவிலிருந்து கோஆக்சியல் கேபிள் வருகிறது என்று பொருள். இணைய கேபிள் செருகும் சதுர முனைகள் வரிசையாக இருந்தால் என்.வி.ஆர். பெட்டியே இல்லாமல், ரூட்டரோடு வைஃபையில் பேசும் கேமராக்கள் மூன்றாவது சாதி.

பின் இரண்டு வகைகளில் வருவது போல வலையமைப்பில் இணையும் ஐ.பி. கேமராவாக இருந்தால் இரண்டு சொற்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆன்விஃப். ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2008-இல் தொடங்கிய அமைப்பின் பொது மொழி அது. ஒரு நிறுவனத்தின் கேமராவும் இன்னொருவரின் மென்பொருளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள அது வேண்டும். படத்தை அனுப்பப் புரொஃபைல் எஸ், புதிய எச்.265 சுருக்க முறையையும் சேர்த்துக்கொள்ளப் புரொஃபைல் டி. இன்னொன்று, ஆர்.டி.எஸ்.பி. கேமராவின் படவோட்டத்தை நேராக இழுத்துக்கொள்ளும் முகவரி. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தால் நாளைக்கு மென்பொருளை மாற்றலாம். இரண்டும் இல்லை, எங்கள் செயலியில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், அந்த நிறுவனம் கடையை மூடும் நாளில் கேமராவும் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

பழைய டி.வி.ஆர். வைத்திருப்பவர்கள் உடனே தூக்கிப் போட வேண்டாம். பல டி.வி.ஆர்.கள் ஒவ்வொரு கேமராவின் படத்தையும் ஆர்.டி.எஸ்.பி. வழியாக வெளியே தரும். ஒயரைத் தொடாமல், ஒரு சிறு கணினியில் நல்ல மென்பொருளைப் போட்டு அதை இழுத்துக்கொள்ளலாம். ஸ்ரீராமபுரத்து மளிகைக் கடையில் அப்படித்தான் செய்தோம். சுவரை உடைக்காமல் முடிந்ததில் மாமாவுக்குப் பெரிய திருப்தி.

எத்தனை நாள் வைக்க வேண்டும் என்ற கணக்கு

கடைக்காரர் "ஒரு டி.பி. போதும் சார்" என்று சொல்லுவார். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஓர் எண். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு 10.8 ஜி.பி. எச்.265-இல் நான்கு மெகாபிக்சல் கேமரா ஒன்றை 2 மெகாபிட்டில் ஓட்டினால் 21.6 ஜி.பி. எட்டுக் கேமராவுக்கு நாளொன்றுக்கு 172.8 ஜி.பி. முப்பது நாளுக்கு 5,184 ஜி.பி. ஆறு டி.பி. வட்டில் இடித்துப் பிடித்து அடங்கும், எட்டு டி.பி. வாங்கினால் நிம்மதி. ஒரு டி.பி. வட்டில் ஆறு நாள்கூட நிற்காது. ஊருக்குப் போய் பொங்கல் முடித்துத் திரும்புவதற்குள் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கும் சாதாரணக் கணினிக்கு வாங்குவது கூடாது. இருபத்துநான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற வட்டுகள் வருகின்றன. அதை எடுங்கள்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதியவைத்தால் இடம் மிச்சமாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மென்பொருள் ஓர் அசைவைத் தவறவிட்டால் அந்த நேரம் நிரந்தரமாகப் போயிற்று. முக்கியமான வாசலுக்கு முழு நேரப் பதிவும், மற்றவற்றுக்கு அசைவுப் பதிவும் என்று பிரித்துவைப்பது என் வழக்கம். இப்படிக் கேமரா வாரியாகப் பிரிக்க விடாத மென்பொருளை நான் தொடுவதில்லை.

மென்பொருள் வகைகளும் அவற்றின் குணங்களும்

முதல் வகை, பெட்டியோடு வருவது. ஹைக்விஷனுக்கு ஐ.வி.எம்.எஸ்.-4200, டாஹுவாவுக்கு ஸ்மார்ட் பி.எஸ்.எஸ். என்று நிறுவனத்துக்கு ஒன்று இலவசமாகக் கிடைக்கும். கூடவே அலைபேசிச் செயலி. ஒரே கட்டடம், ஒரே நிறுவனத்துக் கேமராக்கள், எண்ணிக்கை எட்டைத் தாண்டாது என்றால் பெரும்பாலும் இதுவே போதும். அப்படிப்பட்டவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு ஒத்திகைப் பகுதிக்குத் தாவிவிடலாம். எங்கள் ஸ்கூட்டர் போனதுகூட இலவச மென்பொருளின் குற்றமில்லை. யாரும் அதை ஒரு நாளும் சோதிக்காத குற்றம்.

இரண்டாவது, கணினியில் நிறுவும் தனி மென்பொருள். புளூ ஐரிஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். உரிமத்தை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. 64 கேமரா வரை தாங்கும். அமைப்புப் பக்கங்கள் பழைய வானொலிப் பெட்டியின் உட்புறம் போல இருக்கும், முதல் வாரம் தலை சுற்றும். ஏஜென்ட் டி.வி.ஆர். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்; வீட்டுக்குள்ளேயே சொந்தமாகப் பார்த்துக்கொள்ள இலவசம், வெளியிலிருந்து பார்க்கவும் தொழிலுக்குப் பயன்படுத்தவும் சந்தா. டென்மார்க்கின் மைல்ஸ்டோன், 2014-இல் கேனான் வாங்கிய நிறுவனம். அதன் எக்ஸ்புரொடெக்ட் வரிசையில் எட்டுக் கேமரா வரைக்குமான இலவசப் பதிப்பு பலருக்கும் அறிமுகமானது. மண்டபம், பள்ளி, தொழிற்கூடம் என்று விரிந்துகொண்டே போகும் இடங்களுக்கு அதன் கட்டணப் பதிப்புகள் பொருந்தும். அங்கே கேமராவுக்கு ஓர் உரிமம் என்று கணக்கு ஏறும். இலவசம் என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், எத்தனை கேமரா, எத்தனை நாள் பதிவு, எந்தப் பயன்பாட்டுக்கு இலவசம் என்று அன்றைய நிபந்தனைகளைப் படியுங்கள். ஒன்பதாவது கேமரா போடும் நாளில் விலைப்பட்டியல் தலைகீழாக மாறும்.

கணினி வழியில் போகிறவர்கள் மின் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணினி 60 வாட் இழுத்தால் நாளுக்கு 1.44 யூனிட், மாதம் 43 யூனிட். உள்ளங்கை அளவு மினி கணினி 15 வாட்டில் ஓடினால் மாதம் 11 யூனிட்டுக்குள் முடியும். சும்மா கிடைத்த கணினி என்று சந்தோஷப்பட்டவர்கள் பெஸ்காம் ரசீது வந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, என்.ஏ.எஸ். எனும் சேமிப்புப் பெட்டியோடு வருவது. சினாலஜி பெட்டி வாங்கினால் அதன் சர்வைலன்ஸ் ஸ்டேஷனில் இரண்டு கேமராவுக்கு உரிமம் கூடவே கிடைக்கும். மூன்றாவதிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு. வீட்டில் ஏற்கெனவே அந்தப் பெட்டி இருந்தால் யோசிக்கலாம்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது, எல்லோருக்கும் சொல்லப் பயப்படுவதும் அதுவே: திறந்த மூல மென்பொருள்கள். ஸோன்மைண்டர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் பழம் புலி. இப்போது பலர் போவது ஃப்ரிகேட் பக்கம். அது கேமராவின் சிறிய படவோட்டத்தை எடுத்து, அதில் மனிதரா, காரா, நாயா என்று வீட்டுக் கணினிக்குள்ளேயே பிரித்துப் பார்க்கும். பெரிய படவோட்டத்தைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளும். எதுவும் வெளியே போவதில்லை. ஆளைக் கண்டறியும் வேலையைக் கூகுளின் கோரல் எனும் சிறு கருவியோ, இன்டெல் செயலியின் கிராபிக்ஸ் பகுதியோ சுமந்துகொள்ளும். இதன் அருமை தேடும்போதுதான் தெரியும். நேற்று மாலை ஆறு முதல் எட்டு வரை வாசலில் மனிதர்கள் வந்த தருணங்களை மட்டும் காட்டு என்றால் சிறு படங்களாக வரிசைப்படுத்திவிடும். இரண்டு மணி நேரத்தை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை.

அப்படியானால் ஏன் பயம்? மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் டாக்கர், அமைப்புகளைக் கையால் எழுதும் கட்டமைப்புக் கோப்பு என்று வரும். ஓர் இடைவெளி தவறினாலும் கோப்பு முறுக்கிக்கொள்ளும். பெங்களூரில் மாடிக்கு ஒரு மென்பொருள் பொறியாளர் இருப்பதால் இதைச் செய்து தர ஆள் கிடைப்பது எளிது. அந்த ஆள் அமெரிக்காவுக்கு மாற்றலாகிப் போனபின்தான் சங்கடம். கடவுச்சொல் அவர் தலைக்குள் இருக்கும்; தலை சியாட்டிலில் இருக்கும். எங்கள் குடியிருப்பில் அந்த ஆள் நான்தான் என்பதால், எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி, உறையில் போட்டு, பொருளாளர் வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது, எல்லாப் பதிவையும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் கிளவுட் கேமரா. வாடகை வீட்டில் ஒன்றிரண்டு கேமரா வைப்பவர்களுக்கு வசதி. திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும் பதிவு பிழைக்கும். ஆனால் எட்டுக் கேமராவை முழு நேரமும் மேலே ஏற்றுவது என்றால் 16 மெகாபிட் பதிவேற்ற வேகம் இரவு பகலாக வேண்டும். மாதம் ஐந்து டி.பி.க்கு மேல் போகும். வரம்பற்றது என்று விற்கும் பல பிராட்பேண்ட் திட்டங்களின் பொடி எழுத்தில் 3,300 ஜி.பி. என்ற வரம்பு இருக்கும். மூன்றாவது வாரம் வீட்டில் இணையம் நத்தையாகும். சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவு என்னாகும் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பற்றி ஒரு சொல். வெறும் அசைவு எச்சரிக்கை பெங்களூரு மழையில் உயிரை வாங்கிவிடும். மழைத் துளி, மரக் கிளை, வண்டி விளக்கு எல்லாம் அசைவுதான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கண்ணாடியின்மேலேயே வலை கட்டும். காற்றடித்தால் ராத்திரி முழுவதும் அலைபேசி அலறும். மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி அதனால் உண்மையிலேயே பயனுள்ளது. முகத்தை வைத்துப் பெயர் சொல்லும் வசதிக்குக் குடியிருப்பில் வேலையில்லை. வாங்காதீர்கள்.

ஒத்திகை: வாங்குவதற்கு முன்பே

எஸ்.பி. ரோட்டில், டவுன் ஹாலுக்குப் பின்னால், கேமராக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் கடையில் சுவர் அளவு டி.வி.யில் பதினாறு கட்டங்களாக நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பையன் தமிழ்தான்.

"அண்ணா, இதில் எல்லா ஏ.ஐ.யும் இருக்கிறது."

"இருக்கட்டும் தம்பி. நேற்று மாலை ஏழு பத்துக்கு இந்த வாசலில் யார் நுழைந்தார் என்று காட்டு."

பையன் மவுஸைப் பிடித்து உருட்டினான். நாள்காட்டியைத் திறந்தான், மூடினான். எட்டு நிமிடம் கழித்து முதலாளியை அலைபேசியில் அழைத்தான். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான்கு கடை தள்ளி, கல்லாவில் இருந்த பெண்மணி இதே கேள்வியை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். நேரக்கோட்டில் ஏழு பத்தைத் தொட்டு, இரு பக்கமும் இழுத்து, பத்து நிமிடத் துண்டை எம்.பி.4 கோப்பாக என் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அங்கேயே என் அலைபேசியில் செருகி ஓட்டிப் பார்த்தேன். எந்தத் தனி பிளேயரும் கேட்காமல் ஓடியது. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் பதிந்திருந்தன. அங்கேதான் வாங்கினேன்.

கணினியில் நிறுவும் மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் சோதனைப் பதிப்பு உண்டு. வீட்டில் இரண்டு கேமராவோடு ஒரு வாரம் ஓட்டி இதையே செய்யுங்கள். பிறகு கொஞ்சம் குறும்பும் செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமலே பதிவு மறுபடி தொடங்குகிறதா? விண்டோஸ் இரவில் தானே புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்யும், அதற்குப் பின்? இணைய ஒயரைப் பிடுங்குங்கள். பதிவு நிற்கக் கூடாது. ஒரு கேமராவின் கேபிளைக் கழற்றுங்கள். எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தகவல் வருகிறது? எங்கள் இரண்டு கேமராக்கள் பதிவின்றிக் கிடந்தது நான்கு மாதமாக யாருக்கும் தெரியாது. வட்டு கெட்டாலும் கேமரா இறந்தாலும் வாய் திறக்காத மென்பொருள் எனக்கு வேண்டாம்.

கடைசிச் சோதனைக்கு நீங்கள் எழுந்து போய்விட வேண்டும். மென்பொருளைத் தொட்டே அறியாத ஒருவரை உட்காரவைத்து, நேற்றுப் பால் பாக்கெட் வந்த காட்சியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்தார். ஒரு மென்பொருளில் ஆறு நிமிடத்தில் எடுத்தார். இன்னொன்றில் பத்து நிமிடம் போராடிவிட்டு, "பால்காரரையே கேட்டுவிடலாம், எப்போது வந்தார் என்று" என்று எழுந்துவிட்டார். அதை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். திருட்டு நடக்கும் நாளில் நீங்கள் ஊரில் இருப்பீர்கள் என்று யார் சொன்னது?

கடிகாரத்தை மறக்க வேண்டாம். அமைப்பில் என்.டி.பி. என்று இருக்கும், இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியை இயக்கி, நேர மண்டலத்தைக் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்பாக வையுங்கள். பெட்டிக்கும் கேமராக்களுக்கும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை.

சாவி யாரிடம் இருக்கிறது?

கேமரா பொருத்த வருபவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் பழக்கதோஷத்தில் பெட்டியின் கியூ.ஆர். குறியீட்டைத் தன் அலைபேசியில் முதலில் வருடி, தன் கணக்கில் சேர்த்துவிட்டு, உங்களுக்குப் 'பகிர்ந்து' கொடுப்பார். சட்டப்படி பெட்டி உங்களுடையது. மென்பொருளின் கண்ணில் உரிமையாளர் அவர். இரண்டு வருடம் கழித்து அவர் எண் மாறியிருக்கும். பொருத்தும் நாளிலேயே பக்கத்தில் நின்று, சங்கத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில், சங்கத்தின் அலைபேசி எண்ணில் முதல் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பராமரிப்புக் கணக்கு ஒன்றைத் தனியாகக் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால் என்னாகும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டே சாட்சி. மிராய் என்ற நச்சு நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களிலும் டி.வி.ஆர்.களிலும் வழக்கமான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கேமராப் பட்டாளம், தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. 2021-இல் வெர்கடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்தின் நிர்வாகக் கணக்கு ஒன்று கசிந்ததில் ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் அந்நியர் கண்ணில் பட்டன.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் வாசலைத் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலையைச் செய்ய விடாதீர்கள். நம் ஊர் பிராட்பேண்டில் பலருக்கும் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்வதால் அந்த வித்தை பலிப்பதும் இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். எனும் மறைவழி மென்பொருள் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து பார்ப்பது பாதுகாப்பு. அதை நிறுவ அரை மணி நேரம் போதும்.

மின்சாரம் போனால் ஓட வேண்டியவை பெட்டி மட்டுமல்ல. பெட்டி, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பி.ஓ.இ. சுவிட்ச், ரூட்டர் மூன்றும் ஒரே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். பெட்டிக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்து, சுவிட்ச்சைச் சாதாரண பிளக்கில் விட்டிருப்பதை நான் நான்கு இடங்களில் பார்த்துவிட்டேன். ஏப்ரல் மாத இடிமழையில் மின்சாரம் போன அரை மணி நேரம் அந்தப் பெட்டி எட்டுக் கறுப்புக் கட்டங்களைச் சிரத்தையாகப் பதிந்துகொண்டிருக்கும்.

சட்டம் கேட்பவை

கர்நாடகத்தில் 2017-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் 100 பேரோ, நாளொன்றுக்கு 500 பேரோ கூடும் வணிக நிறுவனம், மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம் போன்றவை கேமரா வைத்து 30 நாள் பதிவைக் காக்க வேண்டும். மண்டபம் நடத்துபவர்கள், கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் மேலே சொன்ன வட்டுக் கணக்கை இந்த முப்பதை வைத்தே போட வேண்டும்.

பதிவை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதில் வந்தது இது. படிவம் இரண்டு பகுதி: கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒன்றை நிரப்ப வேண்டும், நிபுணர் இன்னொன்றை. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை எண் அது. வெட்டி எடுக்கும்போதே அந்த எண்ணைக் காட்டும் மென்பொருள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸிலேயே கணக்கிடலாம். எடுத்த கோப்பை வாட்ஸ்ஆப்பில் சுற்றிவிட்டு அதையே சாட்சியாகக் கொடுக்க நினைக்காதீர்கள். வாட்ஸ்ஆப் காணொளியைச் சுருக்கிவிடும், ஹாஷ் மாறிவிடும். மூலக் கோப்பைத் தனிப் பென் டிரைவில் வைத்துப் பூட்டுங்கள்.

புதுக் கேமரா வாங்குவோருக்கு: 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியச் சந்தைக்கு வரும் கேமராக்கள் மத்திய அரசு வகுத்த இணையப் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டியிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டு ஜன்னல் உங்கள் படத்தில் விழுந்தால் மென்பொருளில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடுங்கள். பிரைவசி மாஸ்க் என்ற பெயரில் இருக்கும். வீட்டுக்குள் வைப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். உடன் வசிப்பவரின் சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா ஓடக் கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதில், அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. எங்கள் சங்கத்திலும் ஒரு விதி வைத்தோம்: பழைய பதிவைப் பார்க்க இரண்டு நிர்வாகிகள் சேர்ந்து உட்கார வேண்டும், யார் எதற்காகப் பார்த்தார் என்று நோட்டில் எழுத வேண்டும். யார் வீட்டுக்கு யார் வருகிறார் என்று பொழுதுபோக்காகப் பார்க்கும் வழக்கம் அன்றோடு நின்றது. இருவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்து ஒருவர் கீழே வந்து, முந்தைய வாரத்தின் ஏதாவது ஒரு நாளின் பத்து நிமிடத்தை எடுக்கிறார். சென்ற மாதம் இரண்டாம் மாடித் தாத்தாவின் முறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்கு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். ஐந்தாம் எண் கேமராவின் படம் மட்டும் பனி மூட்டமாக இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், சிலந்தி.